கீழே நின்றால் நிறை

டொக். பிறகு ஓர் இழுவை, சுவரை யாரோ நகத்தால் கீறுகிற மாதிரி. மறுபடியும் டொக்.

கேட்டதா மதினி? இதுதான். இருட்டின பிறகுதான் வரும். பகலில் வருமோ என்னவோ, பாப்பா அழுகிற அழுகையில் எனக்கு எதுவும் கேட்காது. உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். கட்டிலில் உட்காருங்கள். பாப்பா எழுந்துகொள்ள மாட்டாள்.

கீழே சாப்பிட்டுவிட்டுத்தானே வந்தீர்கள்? தெரியும். குழம்பு வாசனை மாடிக்கு வந்தது. குழம்போடு சேர்த்து என்னையும் பரிமாறியிருப்பார்கள். நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறி வந்தது தம்பியின் நெற்றித் தையலைப் பார்க்க. பார்த்தாயிற்று. அடுத்தது மாடிக்கு ஏறி என்னை மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டும். வேறு எதற்காக இந்தப் படியில் ஏறப்போகிறீர்கள்? பாப்பாவின் ஞானஸ்நானத்துக்கு வந்தபோதுகூடக் கீழேயே இருந்துவிட்டுப் போனவர்தானே நீங்கள்.

நீங்கள் பேசுவதற்கு முன் நான் பேசிவிடுகிறேன். வேலை செய்துகொண்டேதான் பேசுவேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. இந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடியுங்கள். கதவுப் பக்கம். இன்னும் கீழே. ஆ, அங்கேதான்.

தாழ்ப்பாள் பொருத்துகிறேன். ஆசாரியிடம் சொல்லிப் பார்த்தேன். "அண்ணாச்சிட்ட கேட்டாச்சாம்மா?" என்றார். இன்னும் இல்லை என்றேன். போனவர் வரவே இல்லை. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க ஆம்பிளை விரல்தான் வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

நீங்களே சொல்லுங்கள். இந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் கொண்டி இருக்கிறது, உள்பக்கம் ஒன்றுமே இல்லை. மனிதர் இருக்கிற வீட்டில் இப்படி இருக்குமா? மாட்டுத் தொழுவத்தில்தான் இருக்கும். கல்யாணமாகி வந்த அன்றைக்கே எட்வினிடம் கேட்டேன். "எங்க வீட்ல யாரும் உள்ள பூட்டிக்கிறது இல்ல ஜெனோ" என்று பெருமையாகச் சொன்னார் உங்கள் சின்னத் தம்பி. சொல்லிவிட்டுக் கப்பலுக்குப் போய்விட்டார். அவருடைய கேபினுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது, நான் வீடியோ காலில் பார்த்தேன்.

இங்கே மட்டும் ஏன் இல்லை? தண்ணீர்த் தொட்டி. மாமா எந்தக் கணக்கில் இந்த மாடியைக் கட்டினாரோ, மொட்டை மாடிக்குப் போகிற இரும்பு ஏணியைக் கொண்டுபோய்ப் பின்பக்க பால்கனியில் வைத்தார். படியேறி, இந்தக் கதவைத் திறந்து, என் கட்டிலைச் சுற்றிக்கொண்டுதான் அங்கே போக முடியும். மோட்டார் சுவிட்ச் கீழே அத்தான் வீட்டில். தொட்டி என் தலைக்கு மேலே. நடுவில் நானும் பாப்பாவும். அத்தான், உங்கள் பெரிய தம்பி, மோட்டார் போடுமுன் வந்து தொட்டியை எட்டிப் பார்ப்பார். போட்ட பிறகு வந்து பார்ப்பார். சந்தேகம் வந்தால் இடையிலும் வருவார். அவருக்குச் சந்தேகம் வராத நாள் கிடையாது.

எட்வின் லீவில் இருக்கும்போது படியிலேயே நின்று "எட்வினு!" என்று ஒரு குரல் வரும். நான் எழுந்துகொள்வேன், முந்தானையைச் சரிசெய்துகொள்வேன். எட்வின் போன பிறகு அந்தக் குரலும் போய்விட்டது. தம்பி பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அத்தானுக்குக் கூச்சமாம். ஆகவே கூப்பிடாமலே வந்துவிடுவார். கூப்பிடக் கூச்சம், உள்ளே வரக் கூச்சமில்லை. இந்த மரியாதை எனக்குப் புரியவே இல்லை மதினி.

முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவார், அதை நான் மறுக்கவில்லை. சுவரைப் பார்த்து "தண்ணி பாக்க வந்தேன்" என்பார். சுவர் என்ன பதில் சொல்லும்? ஒருநாள் பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. சுவரைப் பார்த்தபடியே வந்தவர் கட்டில் காலில் முழங்காலை இடித்துக்கொண்டார். பாப்பா வீரிட்டாள். கீழே போய்த் தன் பெண்டாட்டி கிளாரா அக்காவிடம், "கட்டில எதுக்கு வழியில போட்டுக் கெடக்காவ?" என்று கேட்டார். வழி! என் படுக்கையறை அவருக்கு வழி.

எங்கள் கான்வென்டில் சிஸ்டர் பெர்பெச்சுவா இருந்தார்கள். இயற்பியல் எடுப்பார்கள். ஸ்டாஃப் ரூம் கதவு திறந்தே கிடந்தாலும் தட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். தட்டாமல் நுழைந்தால் வெளியே அனுப்புவார்கள், தட்டு, காத்திரு, வா என்றால் வா. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்தது உங்கள் தம்பிக்குத் தெரியவில்லை என்றால் நான் என்ன செய்ய? இதைச் சொன்னால் என் தமிழ் ரேடியோ செய்தி மாதிரி இருக்கிறது என்று முற்றத்தில் நின்று சிரிப்பார். என்னிடம் நேரே பேச மாட்டார். முற்றத்தில் நின்று மேலே கேட்கிற மாதிரி பேசுவார்.

டொக்... கேட்டதா? சரி, இருக்கட்டும்.

நான் சண்டைக்குப் போகவில்லை மதினி. யோசித்தேன். அவர் வருவது தண்ணீர் பார்க்க. ஏறிப் பார்க்காமலே தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் அவர் வரத் தேவையில்லை. வரத் தேவையில்லை என்றால் நான் கதவைப் பூட்டலாம். இவ்வளவுதான். கடையில் தானாகவே மோட்டாரை நிறுத்துகிற பெட்டி விற்கிறார்கள், அதை வாங்கலாம் என்று கிளாரா அக்கா மூலமாகச் சொல்லிவிட்டேன். "என் மோட்டார்ல எவனும் கை வைக்கப்படாது" என்று முற்றத்திலிருந்து பதில் வந்தது. சரி, மோட்டாரைத் தொட வேண்டாம். தொட்டியை அளந்து சொல்ல ஒரு சென்சார் நானே செய்கிறேன் என்று முடிவு செய்தேன்.

முதலில் செம்புக் கம்பிதான் கட்டினேன். நாலு கம்பி, தொட்டிக்குள் நாலு உயரத்தில். தண்ணீர் தொட்டால் அந்தந்த உயரத்துக்கு ஒரு சின்ன பல்பு எரியும். பல்புப் பெட்டியைக் கீழே படிக்கட்டுப் பக்கம் மாட்டினேன். அழகாக எரிந்தது. கிளாரா அக்காகூட, "எம்மா, மாதா கோயில் சீரியல் செட்டு மாதிரில்லா இருக்கு" என்றார்கள். கொஞ்ச நாள்தான். நம் போர்வெல் தண்ணீர் உங்களுக்குத் தெரியாததா, பாதி கடல். கம்பியெல்லாம் பச்சை பிடித்து, மேலே உப்பு படிந்து, அந்த ஈர உப்பிலேயே மின்சாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. தொட்டி காலி, நாலு பல்பும் எரிகிறது. கிளாரா அக்கா தலையில் சீயக்காயோடு நின்றார்கள், குழாயில் காற்றுதான் வந்தது. "பல்பு நல்லாத்தான் எரியிது, எங்கண்ணும் எரியிது!" என்று கத்தினார்கள். அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு மறுபடியும் ஏற ஆரம்பித்தார். முன்பைவிட அதிகமாக.

பிறகு எட்வின் ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கி அனுப்பினார், ஒலியை அனுப்பி, அது தண்ணீரில் பட்டுத் திரும்பி வருகிற நேரத்தை வைத்து அளக்கிற சென்சார். முன்னால் இரண்டு கண் மாதிரி இருக்கும். அதைப் பழைய சோப்பு டப்பாவில் வைத்துத் தொட்டி மூடிக்கு அடியில் ஒட்டினேன். கீழே எண் காட்டும். காலையில் சரியாகக் காட்டியது. மத்தியானம் வெயிலில் தொட்டிக்குள் ஆவி கட்டி அந்தக் கண்ணில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது. எண் குதித்தது. ஒருநாள் மைனஸ் காட்டியது. முற்றத்திலிருந்து ஒரே சிரிப்பு. "ஏய் கிளாரா, மைனஸ் தண்ணியாம்! அப்போ நாமதான் ரெண்டு கொடம் கொண்டுபோயி தொட்டிக்கு ஊத்தணும் போல!" அன்று நான் சாப்பிடவில்லை. கோபத்தில் இல்லை, பசியில்லை.

தொட்டியில் ஓட்டை போட்டு வெளியே கண்ணாடிக் குழாய் வைக்கலாம் என்றும் நினைத்தேன். தொட்டியில் ஓட்டை என்ற வார்த்தை கீழே போனதும் என்ன வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கடைசியில்தான் இது. மின்சாரமே வேண்டாம், உப்பு ஒன்றும் செய்யாது, ஆவி ஒன்றும் செய்யாது. ஓர் எண்ணெய் கேன், உள்ளே கொஞ்சம் மணல், தொட்டியில் மிதக்கும். அதில் தூண்டில் நரம்பைக் கட்டி, தொட்டி விளிம்பில் ஒரு சின்ன உருளைக்கு மேலே போட்டு வெளியே தொங்கவிட்டேன். அடுத்த நுனியில் பாப்பாவின் பழைய பால் பாட்டில். அதிலும் மணல், ஆனால் கேனைவிட எடை குறைவு. இந்த ஜன்னலுக்கு வெளியே சுவரில் அது ஏறும், இறங்கும். முற்றத்தில் நின்றாலும் தெரியும், இங்கே நின்றாலும் தெரியும். சுவரில் என் நகப்பூச்சால் கோடு போட்டேன். சிஸ்டர் பெர்பெச்சுவா பார்த்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பார்கள்.

இதில் ஒரே ஒரு விஷயம். தண்ணீர் ஏறினால் கேன் ஏறும், கேன் ஏறினால் பாட்டில் இறங்கும். ஆகவே பாட்டில் கீழே நின்றால் தொட்டி நிறை. மேலே நின்றால் காலி. இதில் என்ன கஷ்டம்? சுவரில் எழுதியும் வைத்திருக்கிறேன், கீழே ஃபுல்லுக்கு எஃப், மேலே எம்ப்டிக்கு ஈ. உலகம் முழுவதும் அப்படித்தானே எழுதுகிறார்கள்? உங்கள் தம்பி பாட்டில் கீழே கிடப்பதைப் பார்த்து, தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று மோட்டாரைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். தொட்டி வழிந்து, கிளாரா அக்கா சன்ஷேடில் காயப்போட்டிருந்த கூழ்வத்தல் முழுவதும் மறுபடி கூழாகிவிட்டது. என்மேல் பாய்ந்தார்கள். "நெறஞ்சா மேல நிக்கணும், தீந்தா கீழ நிக்கணும், அதானே மொற? எல்லாத்தயும் தலகீழாச் செய்யுற!" முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். சொன்னேனே. எழுதினேனே. படிக்கவில்லை என்றால் அது என் குற்றமா?

கீழே நின்றால் நிறை. மேலே நின்றால் காலி. சொல்லிப் பாருங்கள் மதினி. சும்மா சொல்லுங்கள்... பார்த்தீர்களா! பத்தாவது பெயிலான உங்களுக்கே ஒரே தடவையில் வந்துவிட்டது. கிளாரா அக்காதான் சொன்னார்கள், பத்தாவது என்று. நான் கேட்கவில்லை.

அடுத்த ஸ்க்ரூவைக் கொடுங்கள்.

அந்த ராத்திரிக்கு வருகிறேன். அதற்குத்தானே காத்திருக்கிறீர்கள். பாப்பாவுக்குக் காய்ச்சல், அப்போதுதான் கண் அசந்திருந்தாள். கரண்ட் இல்லை. ஆடிக் காற்று. இந்தச் சத்தம், டொக், பிறகு இழுவை. யாரோ பின்பக்கச் சுவரில் ஏறுகிற மாதிரி. பயமெல்லாம் இல்லை. எனக்குப் பயம் கிடையாது, எட்வினைக் கேளுங்கள். இடியாப்பம் பிழிகிற மர உரல் பக்கத்தில் இருந்தது, இரண்டு கட்டை. அது தினமும் கட்டிலில்தான் இருக்கும், சும்மா வைத்திருப்பேன். அப்போது இந்தக் கதவு திறந்தது. தட்டவில்லை, கூப்பிடவில்லை. இருட்டில் ஓர் உருவம் உள்ளே வந்தது. நான் எறிந்தேன்.

முதலில் எறிந்தது கீழ்க்கட்டை, அது சுவரில் பட்டது. "எம்மா, நாந்தாம்மா!" என்றார். அதன் பிறகு மேல்கட்டையை எறிந்தேன். அதுதான் நெற்றியில் பட்டது.

நாந்தான் என்று சொன்ன பிறகு ஏன் எறிந்தாய் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, ஆனால் அதைச் சொன்னால் நீங்கள் இந்த டார்ச்சைக் கீழே வைத்துவிடுவீர்கள். கிளாரா அக்கா அன்றைக்கு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே என்ன கேட்டார்கள் தெரியுமா? "அந்த உரலு எங்க அம்ம தந்தது, திருப்பிக் குடுத்துரு." அது ஒன்றுதான் அன்று இந்த வீட்டில் யாரும் பேசிய உருப்படியான பேச்சு.

என்ன? சத்தம் கேட்டுத்தான் அவரும் வந்தாராமா? கீழே எல்லாருக்கும் கேட்டதாம், கைப்பிள்ளைக்காரி, தனியாக இருக்கிறாள் என்று பதறி ஓடி வந்தாராம். உங்களிடமும் அதைச் சொல்லிவிட்டாரா. அந்தச் சத்தம் என் பாட்டில் சுவரில் இடிக்கிற சத்தம்தான் என்றும் சொல்லியிருப்பார். அவரை வரவிடாமல் செய்ய நான் கட்டிய பாட்டிலே அவரைக் கூட்டிக்கொண்டு வந்தது என்கிறீர்கள். நன்றாக இருக்கிறது. அது பாட்டில் இல்லை. நான் கட்டியது எனக்குத் தெரியாதா? எங்கே எழுந்து போகிறீர்கள்? ஜன்னலைத் திறக்காதீர்கள், காற்று வரும், பாப்பா... பாட்டிலைப் பிடித்துக்கொண்டீர்கள். சரி. சத்தம் நின்றுவிட்டது. காற்று நின்றிருக்கும். விட்டுவிட்டீர்களா? ம். மறுபடியும் வருகிறது.

சரி, இருக்கட்டும் மதினி! பாட்டிலாகவே இருக்கட்டும். அவர் நல்லதுக்கே வந்தார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நல்லதுக்கு வருகிறவன் தட்டக் கூடாதா? கெட்டவன் தட்ட மாட்டான். நல்லவனும் தட்ட மாட்டான். இருட்டில் கட்டிலில் கிடக்கிற நான் எதை வைத்து இரண்டு பேரையும் பிரித்துப் பார்ப்பது? சொல்லுங்கள். தினமும் ராத்திரி கதவைப் பார்த்துக்கொண்டே பாப்பாவுக்குப் பால் கொடுக்கிறேன். தூங்கி எத்தனை நாளாகிறது தெரியுமா? பயமில்லை, தூக்கம்தான் இல்லை. மன்னிப்புக் கேட்கச் சொன்னால் கேட்கிறேன், தையலுக்காகக் கேட்கிறேன். ஆனால் கதவுக்கு உள்ளேயிருந்துதான் கேட்பேன்.

டார்ச் இங்கே. இந்த ஸ்க்ரூ என்ன, திருகாமலே தானாக இறங்குகிறது? பாருங்கள், உள்ளே பழைய ஓட்டை. இதிலும் ஒன்று. மரச்சக்கை அடித்து, மேலே பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அப்படியென்றால் இங்கே முன்பு தாழ்ப்பாள் இருந்திருக்கிறது! எங்கள் வீட்டில் யாரும் பூட்டிக்கொள்வதில்லை என்று எட்வின் அளந்தாரே. யார் கழற்றினது?

மதினி, ஏன் அந்த ஓட்டையில் விரலை வைத்துப் பார்க்கிறீர்கள்?

மாமாவா? எப்போது? ரிசல்ட் வந்த அன்றைக்கா... இந்த அறையிலா இருந்தீர்கள்? உள்ளே பூட்டிக்கொண்டு என்ன செய்தீர்கள்? "அழுதேன், வேற என்ன." அழுததற்கா கதவை உடைத்தார்கள்? ஓ. நீங்கள் ஏதாவது செய்துகொள்வீர்கள் என்று. பயந்துபோய்க் கழற்றிவிட்டார். பிறகு திருப்பி மாட்டவே இல்லையா? கல்யாணம் வரைக்கும் இப்படியேயா இருந்தீர்கள்? தாவணி மாற்ற எங்கே போவீர்கள்? கீழே குளியலறைக்கா, ஒவ்வொரு தடவையுமா. அப்போதும் தொட்டி பார்க்க வருவார்களா? மாமாவும், தம்பியும், கொத்தனாரும்.

எட்வினுக்குத் தெரியாது, அவர் அப்போது தொட்டிலில் கிடந்திருப்பார். பெரிய தம்பிக்கு? அப்போது சின்னப் பையன், அவருக்கும் தெரியாதா? தாழ்ப்பாள் இல்லாத கதவு இந்த வீட்டு வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாரா அவரும்?

நான் பத்தாவது என்று சொன்னது... சரி. அது போகட்டும். கடைசி ஸ்க்ரூ. பழைய ஓட்டைக்குக் கொஞ்சம் தீக்குச்சி வைத்து இறுக்கியிருக்கிறேன். பிடித்துக்கொள்ளும்.

படியில் செருப்புச் சத்தம். அவர்தான். செருப்பைத் தேய்த்துத் தேய்த்துத்தான் ஏறுவார். கேளுங்கள், உங்களைக் கூப்பிடுகிறார், "எக்கா, பேசி முடிச்சாச்சா? தண்ணி பாக்கணும்லா." என்னைக் கூப்பிடக் கூச்சம், உங்களைக் கூப்பிடக் கூச்சமில்லை. இப்போது கதவைத் தள்ளுவார். நான் சொன்னேன் அல்லவா? தள்ளுகிறார்.

மதினி, மறுபடி ஜன்னலுக்கு ஏன் போகிறீர்கள்? ஓ. ஆமாம், டார்ச்சை அடித்துப் பாருங்கள். பாட்டில் எங்கே நிற்கிறது? கீழ்க் கோட்டிலா? அப்படியென்றால்? ஆமாம். ஆமாம் மதினி, அதேதான். இங்கே வாருங்கள், தோளைக் கொடுங்கள், அவர் கதவைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். நான் சொன்னால் கேட்க மாட்டார், நீங்களே சொல்லுங்கள். இன்னும் சத்தமாக. பாப்பா எழுந்தால் எழட்டும், சொல்லுங்கள்.

"ஃபெர்டி, பாட்டில் கீழ நிக்கி. தொட்டி நெறஞ்சி கெடக்கு. நீ பாக்காண்டாம், எறங்கிப் போ."

தள்ளுவதை நிறுத்திவிட்டார். நிற்கிறார். மூச்சுச் சத்தம் கேட்கிறது. உஷ்.

டொக், டொக்.

இது பாட்டில் இல்லை மதினி. பாட்டில் ஒரு தட்டுக்கு ஓர் இழுவை இழுக்கும். இதில் இழுவை இல்லை. இது கதவு. தட்டுகிறார். நான் இந்த வீட்டுக்கு வந்து இதுதான் முதல் தடவை.

திறக்க வேண்டுமா? உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. காலையில் வந்து தட்டட்டும், திறக்கிறேன், தையலைப் பார்த்து மன்னிப்பும் கேட்கிறேன். இப்போது நீங்கள் நன்றாக அழுத்திப் பிடியுங்கள், மரம் உப்பியிருக்கிறது. இன்னும் கொஞ்சம். உங்கள் கையையும் வையுங்கள், சேர்த்தே தள்ளுவோம். ம்.

ஏறிவிட்டது. தாழ்ப்பாள் போட்டாயிற்று.